இரத்த ஓட்டத்தைக் கணினியில் கட்டுவது எப்படி: திறந்த மூலக் கருவிகளோடு ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இதயத்தையும் தமனி, சிரை, நுரையீரல் நாளங்களையும் ஒரே சுற்றாக இணைத்துக் கணினியில் ஓடவிடும் திறந்த மூல மென்பொருள்கள் இன்று பல இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்றை இறக்கி நிறுவினால் ஒரு மணி நேரத்துக்குள் திரையில் அழுத்த அலைகள் ஓடத் தொடங்கிவிடும். அந்த அலைகள் சரியா தவறா என்று சொல்வதற்கான பிடிமானம் மட்டும் அப்போது நம் கையில் இருக்காது. ஆகவே ஆய்வுக்காக இத்துறைக்குள் வரும் மாணவர்கள், ஒரு சிறிய மாதிரியை முதலில் தாமே எழுதிச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பெரிய மென்பொருளைத் திறப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது. பைத்தான் மொழியும், நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் ஆகிய நிரலகங்களும், வகைக்கெழுச் சமன்பாடு பற்றிய பன்னிரண்டாம் வகுப்பு அளவிலான அறிவும் போதும். சாதாரண மடிக்கணினியே இதற்கு ஏற்றது.

எந்த அளவில் மாதிரி வேண்டும் என்பதை ஆய்வுக் கேள்விதான் முடிவு செய்கிறது. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அழுத்தம் ஏன் சரிகிறது என்பது கேள்வியானால், உடலைச் சில அறைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அழுத்தமும் ஒரு கொள்ளளவும் தரும் பூஜ்ஜியப் பரிமாண மாதிரி போதுமானது. துடிப்பலை பெருந்தமனியிலிருந்து கை, கால் வரை எவ்வாறு பயணித்து எதிரொலிக்கிறது என்றால் ஒரு பரிமாண மாதிரி தேவை. கழுத்திலுள்ள கரோட்டிட் தமனி கிளை பிரியும் இடத்தில் சுவர் மீதான உராய்வு விசை எங்கே குறைகிறது என்பது கேள்வியானால்தான் முப்பரிமாணக் கணக்கீடு அவசியமாகிறது. படம் அழகாக வருகிறது என்ற காரணத்துக்காக மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள், பூஜ்ஜியப் பரிமாண மாதிரி சில நொடிகளில் தந்திருக்கக்கூடிய விடைக்காகப் பல மணி நேரம் காத்திருக்க நேரிடும்.

முதல் படி: ஓர் எதிர்ப்பு, ஒரு விரிதிறன்

ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ ஃபிராங்க் 1899-இல் வெளியிட்ட விண்ட்கெஸ்ஸல் மாதிரியிலிருந்து தொடங்குங்கள். பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் விரிந்து சுருங்கும் ஒரே அறையாகவும், நுண்தமனிகள் அனைத்தும் சேர்ந்து ஒரே எதிர்ப்பாகவும் இதில் கொள்ளப்படுகின்றன. விரிதிறன் என்பது அழுத்தம் ஓர் அலகு ஏறும்போது அறை எவ்வளவு கூடுதல் இரத்தத்தை ஏற்கிறது என்பதன் அளவு. மின்சுற்றில் மின்தேக்கியும் மின்தடையும் இணையாக நிற்பதற்கு இது ஒப்பானது. சமன்பாடு ஒரே வரிதான்: விரிதிறனை அழுத்தம் மாறும் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது, இதயத்திலிருந்து உள்ளே வரும் ஓட்டத்திலிருந்து, அழுத்தத்தை எதிர்ப்பால் வகுத்துக் கிடைக்கும் வெளியோட்டத்தைக் கழித்த மீதி.

எண்களைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்பு 0.8 நொடி. ஒவ்வொரு துடிப்பிலும் 70 மி.லி. வெளியேறினால் சராசரி ஓட்டம் நொடிக்கு 87.5 மி.லி. சராசரித் தமனி அழுத்தம் 93 மி.மீ. பாதரசம் அளவில் இருக்க வேண்டுமானால், எதிர்ப்பு ஏறத்தாழ 1.06 மி.மீ. பாதரசம்-நொடி/மி.லி. ஆகும். விரிதிறனை 1.4 மி.லி./மி.மீ. பாதரசம் என எடுத்துக்கொள்ளுங்கள். உள்வரும் ஓட்டத்தை 0.3 நொடி நீளமுள்ள அரைச் சைன் அலையாக அமைத்தால், 70 மி.லி. என்ற பரப்பளவைப் பெற அதன் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 366.5 மி.லி. ஆக இருக்க வேண்டும். மீதி 0.5 நொடியில் ஓட்டம் பூஜ்ஜியம்.

இதைச் சைபையின் சமன்பாட்டுத் தீர்வியிடம் கொடுத்து இருபது துடிப்புகள் ஓடவிட்டு, கடைசித் துடிப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். எதிர்ப்பையும் விரிதிறனையும் பெருக்கினால் கிடைக்கும் கால மாறிலி இங்கே ஏறத்தாழ 1.5 நொடி என்பதால், தொடக்க அழுத்தத்தை எவ்வளவு என்று வைத்தாலும் அதன் தடம் பத்துப் பன்னிரண்டு துடிப்புகளில் மறைந்துவிடும். சிஸ்டாலிக் அழுத்தம் 109.5, டயஸ்டாலிக் அழுத்தம் 77 என்ற அளவில் வர வேண்டும். இச்சமன்பாட்டைக் காகிதத்திலேயே தீர்த்துவிட முடியும். மேலே உள்ள எண்கள் அப்படிக் கிடைத்தவையே. உங்கள் நிரல் வேறு விடை தந்தால் பிழை நிரலில் இருக்கிறது.

இப்போது விரிதிறனை மட்டும் பாதியாக, அதாவது 0.7 ஆகக் குறையுங்கள். சிஸ்டாலிக் 127 வரை ஏறும். டயஸ்டாலிக் 63 வரை இறங்கும். சராசரி 93-ஐ விட்டு அசையாது. முதியவர்களிடம் பெருந்தமனி விறைப்பதால் மேல் அழுத்தம் கூடிக் கீழ் அழுத்தம் குறையும் நிலையை, ஒரு வரிச் சமன்பாடு இவ்வளவு தெளிவாகக் காட்டிவிடுகிறது. இதய வெளியேற்றத்தை நாமே நிலையாகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதை இங்கே மறக்கக் கூடாது. உண்மையான இதயம் விறைத்த தமனிக்கு எதிராக அதே 70 மி.லி.யைத் தள்ளுமா என்ற கேள்விக்கு இம்மாதிரியிடம் விடை இல்லை.

ஃபிராங்கின் மாதிரியில் வெஸ்டர்ஹாஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் சேர்த்த மூன்றாவது உறுப்பையும் இங்கேயே முயன்று பாருங்கள். பெருந்தமனியின் தொடக்கத்தில் 0.05 அளவுள்ள சிறிய எதிர்ப்பு ஒன்றைத் தொடராக வைத்து, மொத்தம் மாறாதிருக்கப் பழைய எதிர்ப்பை 1.01 ஆகக் குறைத்தால், அழுத்தம் ஏறத்தாழ 115-க்கு 73 என ஆகும். முப்பரிமாணக் கணக்கீட்டில் ஒவ்வொரு கிளையின் முடிவிலும் எல்லை நிபந்தனையாக, அதாவது கணக்கிடும் பகுதியின் விளிம்பில் நாம் கொடுக்கும் விதியாக, திரும்ப வருவது இந்த மூன்று உறுப்புச் சுற்றுதான்.

இரண்டாம் படி: ஆறு அறைகள் கொண்ட மூடிய சுற்று

ஓட்டத்தை நாமே கொடுப்பதை விடுத்து, இதயமே அதை உண்டாக்கும்படி செய்ய வேண்டும். ஹிரோயுகி சுகாவும் கிச்சி சகாவாவும் 1970-களில் நாய்களின் இதயங்களில் செய்த சோதனைகள் இதற்கு வழிவகுத்தன. இதயத்தின் கீழறையான வெண்ட்ரிக்கிளின் அழுத்தத்தை, அதன் கொள்ளளவில் அழுத்தமில்லாக் கொள்ளளவை (சுவரை இழுக்காமலே உள்ளே நிற்கக்கூடிய இரத்த அளவை) கழித்த மீதியோடு, காலத்துக்கேற்ப மாறும் ஒரு விறைப்பெண்ணை (விரிதிறனின் தலைகீழை) பெருக்கிப் பெறலாம் என்பதே அவர்கள் காட்டியது. சுருங்கும்போது அந்த எண் ஏறுகிறது, தளரும்போது இறங்குகிறது.

அறைகள் ஆறு: இடது வெண்ட்ரிக்கிள், உடல் தமனிகள், உடல் சிரைகள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனிகள், நுரையீரல் சிரைகள். இதயத்தின் மேலறைகளான ஏட்ரியங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். விரிதிறன்களை முறையே 10, 1.4, 100, 20, 4.3, 8.4 எனவும், அழுத்தமில்லாக் கொள்ளளவுகளை 15, 715, 2500, 15, 90, 490 மி.லி. எனவும் வைத்துக்கொள்ளுங்கள். வெண்ட்ரிக்கிள்களுக்குக் கொடுத்திருப்பவை தளர்ந்த நிலைக்கானவை. சுருக்கத்தின் உச்சத்தில் இடது அறையின் விரிதிறன் 0.4 ஆகவும் வலது அறையின் விரிதிறன் 1.2 ஆகவும் குறையும். எதிர்ப்புகள்: தமனியிலிருந்து சிரைக்கு 1.0, சிரையிலிருந்து வலது அறைக்கு 0.025, அங்கிருந்து நுரையீரல் தமனிக்கு 0.003, நுரையீரலுக்குள் 0.08, நுரையீரல் சிரையிலிருந்து இடது அறைக்கு 0.01, அங்கிருந்து பெருந்தமனிக்கு 0.006. மொத்த இரத்தம் 5000 மி.லி. மார்புக்கூட்டின் அழுத்தத்தைப் பூஜ்ஜியம் எனக் கொள்ளலாம். வால்வுகள் நான்கும், அழுத்த வேறுபாடு முன்னோக்கி இருக்கும்போது மட்டும் ஓட்டத்தை விடும் டையோடுகள்.

இதை எழுதும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிலை மாறிகளாக அழுத்தங்களை வைக்காமல் கொள்ளளவுகளை வையுங்கள். விரிதிறன் காலத்தோடு மாறும்போது, அழுத்தத்துக்கான சமன்பாட்டில் அம்மாற்றத்தின் வகைக்கெழுவும் ஓர் உறுப்பாக நுழைகிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கொள்ளளவுகளை வைத்தால் அந்தச் சிக்கலே எழாது. ஒவ்வோர் அறைக்கும் உள்வரவைக் கூட்டி வெளியேற்றத்தைக் கழித்தால் போதும். ஓர் அறையை விட்டுச் செல்வது அடுத்த அறைக்குள் அப்படியே நுழைவதால் மொத்த இரத்தத்தின் அளவும் தானாகவே காக்கப்படுகிறது.

அடுத்தது காலப் படி. இடது அறை சுருங்கியிருக்கும்போது 0.4 என்ற விரிதிறனும் 0.006 என்ற எதிர்ப்பும் சேர்ந்து 2.4 மில்லிநொடி அளவிலான கால மாறிலியைத் தருகின்றன. ஒவ்வொரு படியிலும் அப்போதைய மாற்ற வேகத்தை மட்டும் வைத்து முன்னேறும் எளிய ஆய்லர் முறையில் 5 மில்லிநொடிப் படி வைத்து ஓட்டினால், பெருந்தமனி வால்வு திறந்ததும் கணக்கு ஊசலாடிச் சிதறும். சைபையின் தீர்வி படியைத் தானே சுருக்கிக்கொள்ளும் என்றாலும், அதன் இயல்பான சார்புப் பிழை வரம்பு ஆயிரத்தில் ஒன்று. இந்த வேலைக்கு அது தளர்வானது. அதைப் பத்து லட்சத்தில் ஒன்றாக இறுக்கி, உச்சப் படியை 1 மில்லிநொடியாகக் கட்டுப்படுத்துங்கள். எல்லாம் சரியாக அமைந்தால் நிமிடத்துக்கு 4.5 முதல் 5.5 லிட்டருக்குள் ஓட்டம் நிலைபெறும்.

ஓடுகிறது என்பது போதாது

மாதிரியை நம்பும் முன் அது தோற்கக்கூடிய சோதனைகளுக்கு அதை உட்படுத்த வேண்டும். முதல் சோதனை எளியது: ஆறு கொள்ளளவுகளின் கூட்டுத்தொகை நூறு துடிப்புகளுக்குப் பிறகும் 5000-ஆகவே இருக்கிறதா?

இரண்டாவது, இதயத்தை நிறுத்திப் பார்ப்பது. வெண்ட்ரிக்கிள்களைத் தளர்ந்த நிலையிலேயே உறைய வைத்துவிட்டால், எல்லா அறைகளிலும் அழுத்தம் ஒன்றாகிவிட வேண்டும். அந்த அழுத்தத்தை முன்கூட்டியே கையால் கணக்கிடலாம். அழுத்தமில்லாக் கொள்ளளவுகளின் கூட்டுத்தொகை 3825. ஆகவே நாளச் சுவர்களை இழுத்து நிற்கும் இரத்தம் 1175 மி.லி. மட்டுமே. விரிதிறன்களின் கூட்டுத்தொகை 144.1. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 8.15 மி.மீ. பாதரசம். உடலியலாளர் ஆர்தர் கைட்டன் நாய்களில் அளந்து புகழ்பெறச் செய்த சராசரிச் சுற்றோட்ட நிரப்பழுத்தம் 7 மி.மீ. அளவில் இருந்தது, நம் எண் அதற்கு அருகில் இருக்கிறது. இடது–வலது வால்வுகளை மாற்றி இணைத்தது போன்ற பிழைகளை இச்சோதனை காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதற்கு, நான்கு வால்வுகளின் வழியேயும் ஒரு துடிப்பில் செல்லும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியாவில் இரத்ததானத்தின்போது ஒருவரிடமிருந்து 350 அல்லது 450 மி.லி. எடுக்கிறார்கள். மாதிரியிலிருந்து 450 மி.லி. எடுத்துவிடுங்கள். சுவரை இழுத்து நிற்கும் இரத்தம் 1175-இலிருந்து 725 ஆகிறது. நம் சமன்பாடுகள் அனைத்தும் நேரியல்பானவை. டையோடுகளும் அழுத்தங்கள் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஓட்டத்தை அதே விகிதத்தில் குறைப்பவை. ஆகையால் ஒவ்வோர் அழுத்தமும் ஒவ்வோர் ஓட்டமும் முன்பிருந்ததில் மிகச் சரியாக 0.617 மடங்காகிவிட வேண்டும். உங்கள் நிரலில் அந்த விகிதம் மூன்றாம் தசம இடத்தில்கூடப் பிசகினால் எங்கோ தவறு இருக்கிறது, அல்லது கணக்கு இன்னும் நிலைபெறவில்லை.

அதே சோதனை மாதிரியின் எல்லையையும் காட்டிவிடுகிறது. தானம் கொடுத்தவர் சிறிது நேரம் படுத்திருந்துவிட்டுப் பழச்சாறு குடித்துவிட்டு நடந்து போகிறார். அவருடைய சராசரி அழுத்தம் 38 விழுக்காடு சரிவதில்லை. கரோட்டிட் சைனஸிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் சரிவை உணர்ந்ததும், மூளைத் தண்டின் வழியே இதயத் துடிப்பு விரைகிறது, நுண்தமனிகள் இறுகுகின்றன, சுருக்க வலு கூடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிரைகள் இறுகித் தம் அழுத்தமில்லாக் கொள்ளளவைக் குறைத்துக்கொள்கின்றன. மாதிரியில் 2500 என்றிருக்கும் சிரைக் கொள்ளளவைச் சில நூறு மி.லி. குறைத்துப் பார்த்தால், இழந்த அழுத்தத்தின் பெரும்பகுதி உடனே திரும்புவதைக் காணலாம்.

இந்த அனிச்சையைச் சேர்க்க விரும்புவோர், தமனி அழுத்தம் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, அதைக் காலத் தாமதத்தோடு நான்கு அளவுருக்களுக்கும் அனுப்ப வேண்டும். வேகஸ் நரம்பின் வழியே துடிப்பில் வரும் மாற்றம் ஒரு நொடிக்குள் தொடங்கிவிடுகிறது. பரிவு நரம்புகளின் வழியே நாளங்களில் வரும் மாற்றம் சில நொடிகள் தாமதித்து மெல்ல வளர்கிறது. அந்த விலகலைப் பெருக்கி அனுப்பும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒருமுறை அழுத்தம் ஏறி இறங்கத் தொடங்கலாம். மனிதர்களின் இரத்த அழுத்தத்திலும் இதே கால இடைவெளியில் மேயர் அலைகள் எனப்படும் ஏற்ற இறக்கம் இருப்பதால், அதைக் கண்டவுடன் மகிழத் தோன்றும். காலப் படியைப் பாதியாக்கியும் அந்த அலை அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டே அதை முடிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய மென்பொருள்களைத் திறக்கும் நேரம்

இவ்வளவும் செய்து முடித்தவருக்கு, எம்ஐடியிலும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் 1984 முதல் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பயன்பட்டுவரும் சிவிசிம் என்ற திறந்த மூல மென்பொருள் உடனே பழகிவிடும். அதில் 6 அறை மாதிரியும் 21 அறை மாதிரியும் உண்டு. பின்னது தலை, கை, வயிற்றுறுப்புகள், கால் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிப்பதால், சாய்மேசைச் சோதனை போன்ற நிலை மாற்ற ஆய்வுகளுக்குப் பொருத்தமானது. உடலியல் தரவுகளையும் மென்பொருள்களையும் பகிரும் பிசியோநெட் தளத்தில் அது கிடைக்கிறது.

சுவாசம், சிறுநீரகம், மருந்துகளின் விளைவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் கிட்வேர் நிறுவனம் பராமரிக்கும் பல்ஸ் என்ற உடலியல் இயந்திரத்தைப் பார்க்கலாம். பயோகியர்ஸ் என்ற முந்தைய திட்டத்திலிருந்து கிளைத்த அது சி++ மொழியில் எழுதப்பட்டது, பைத்தானிலிருந்தும் இயக்கலாம். அதன் உரிமம் அப்பாச்சி 2.0 என்பதால் மாற்றியமைத்துப் பகிரத் தடையில்லை. இதயத் தசையின் மின் செயல்பாட்டை ஆராய்வோருக்கான ஓப்பன்கார்ப்பின் மூலநிரல் திறந்திருந்தாலும், அதன் உரிமம் கல்வி சார்ந்த, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே. உரிமக் கோப்பை முதல் நாளே படித்துவிட வேண்டும். நிறுவனங்களோடு கூட்டாய்வு செய்வோருக்கு இது பின்னால் பெரிய சிக்கலாகிவிடுகிறது.

முப்பரிமாண வேலைக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி வளர்ந்த சிம்வாஸ்குலர் சிறந்த தொடக்கம். சிடி அல்லது எம்ஆர்ஐ படத்தில் நாளத்தின் நடுக்கோட்டை வரைவது, குறுக்குவெட்டுகளை எல்லையிடுவது, அவற்றைச் சேர்த்துத் திண்ம வடிவமாக்குவது, வலைப்பின்னலாகப் பிரிப்பது, எல்லை நிபந்தனை கொடுப்பது, தீர்ப்பது என்ற முழு வரிசையும் ஒரே மென்பொருளுக்குள் நடக்கிறது. நோயாளியின் படம் கையில் இல்லாதவர்கள் வாஸ்குலர் மாடல் ரெபாசிட்டரி என்ற திறந்த தொகுப்பிலிருந்து ஆயத்த வடிவங்களை எடுத்துக்கொள்ளலாம். அதே குழுவின் எஸ்வி ஜீரோடி சால்வர், ஜேசான் கோப்பு ஒன்றில் அறைகளையும் எதிர்ப்புகளையும் எழுதிக் கொடுத்தால் பூஜ்ஜியப் பரிமாணச் சுற்றைத் தீர்த்துத் தருகிறது. மேலே கையால் எழுதிய மாதிரியை அதில் மீண்டும் அமைத்து இரண்டையும் ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

சிம்வாஸ்குலரில் முதலில் செய்ய வேண்டியது நேரான குழாய் ஒன்றே. ஆரம் 0.3 செ.மீ., நீளம் 10 செ.மீ., ஓட்டம் நொடிக்கு 5 மி.லி., பாகுத்தன்மை 0.04 பாய்ஸ், உள்வாயில் பரவளைய வேகப் பரவல், நகராத சுவர் எனக் கொடுங்கள். பாய்சூய் விதிப்படி அழுத்த இழப்பு ஒரு சதுர செ.மீ.க்கு 629 டைன், அதாவது 0.47 மி.மீ. பாதரசம். வலைப்பின்னலை நெருக்கமாக்க நெருக்கமாக்கக் கணினியின் விடை இந்த எண்ணை நோக்கிச் செல்ல வேண்டும். இங்கே அலகுகளில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள்: செ.மீ., கிராம், நொடி என்ற முறையில் வேலை செய்யும்போது, மருத்துவமனையில் மி.மீ. பாதரசத்தில் அளந்த அழுத்தம் ஒவ்வொன்றையும் 1333.22-ஆல் பெருக்க வேண்டும். எதிர்ப்புக்கும் அதே பெருக்கல். விரிதிறனுக்கு அதே எண்ணால் வகுத்தல்.

தனி மனிதருக்கு மாதிரியைப் பொருத்தும்போது

ஒருவருடைய கையில் பட்டை கட்டி அளந்தால் கிடைப்பவை சிஸ்டாலிக், டயஸ்டாலிக், துடிப்பு விகிதம் ஆகிய மூன்று எண்கள் மட்டுமே. அவற்றைக் கொண்டு ஆறு விரிதிறன்களையும் ஆறு எதிர்ப்புகளையும் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறும் ஆய்வு நம்பத்தக்கதன்று. தேடல் நிரல் எப்படியும் ஒரு விடையைத் தந்துவிடும். அதே மூன்று எண்களைத் தரும் வேறு ஆயிரம் விடைகளும் இருக்கும். ஆகவே ஒவ்வோர் அளவுருவையும் 10 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் ஓட்டி, அளக்கக்கூடிய வெளியீடுகளை எவை அசைக்கின்றன என்று முதலில் பாருங்கள். அளவுருக்கள் ஒன்றோடொன்று பிணைந்து செயல்படும் இடங்களில் வெளியீட்டின் மாறுபாட்டில் ஒவ்வோர் அளவுருவின் பங்கையும் பிரித்துக் காட்டும் சோபோல் முறை உதவும்; அது சாலிப் என்ற பைத்தான் நிரலகத்தில் உள்ளது. எதையும் அசைக்காத அளவுருவை முந்தைய ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள மதிப்பிலேயே நிறுத்திவிட்டு, அசைப்பவற்றை மட்டும் பொருத்துங்கள். இதயத்தின் மீயொலிப் பரிசோதனையான எக்கோ மூலம் பெருந்தமனி வால்வின் ஓட்டமும் கிடைத்தால் எதிர்ப்பையும் விரிதிறனையும் தனித்தனியே பிரித்தறிய வழி பிறக்கிறது. அளவீடு ஒன்று கூடுவது, அளவுரு ஐந்து கூடுவதைவிட மேலானது.

இம்மாதிரிகள் எவையும் தனி நோயாளிக்கான சிகிச்சை முடிவுக்கு நேரடியாகப் பயன்படுத்தத் தக்கவை அல்ல. மருத்துவக் கருவி சார்ந்த முடிவுகளுக்கு மாதிரியைச் சான்றாக வைக்க நினைப்போர், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வி அண்ட் வி 40 என்ற தரநிலையைப் படிக்க வேண்டும். தவறான முடிவால் விளையும் தீங்கு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதை அது முறையாக வகுத்துச் சொல்கிறது.

வெளியிடும்போது நிரலை மட்டும் பொதுவில் வைத்தால் போதாது. அளவுரு ஒவ்வொன்றின் மதிப்பு, அலகு, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற அட்டவணை, தொடக்க நிலைகள், தீர்வியின் பெயரும் பிழை வரம்பும், நிரலகங்களின் பதிப்பு எண்கள் ஆகியவை உடன் இருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் ஒரே கட்டளையில் ஓடும் கோப்பாக எழுதி நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, கட்டுரையோடு பொருந்தும் பதிப்பைச் செனோடோ என்ற ஆய்வுக் காப்பகத்தில் வைத்து நிலையான அடையாள எண் பெறுங்கள். நோயாளியின் படத்திலிருந்து உருவான வடிவம் அதில் இருந்தால், பதிவேற்றும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி அந்த வடிவத்தைப் பொதுவில் பகிரவும் இடம் தருகிறதா என்று பாருங்கள். பெயரை நீக்கிய பிறகும் மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பின் தலைப்பகுதியில் பிறந்த நாளும் மருத்துவமனை எண்ணும் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மூலப் படத்தை விடுத்து வடிவக் கோப்பை மட்டும் பதிவேற்றுங்கள்.